பெண்ட்லியின் மூக்கில் ஒரு துருத்தி

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரைமணி சொச்சத்தில் வேபிரிட்ஜ் வந்துவிடும். ஸர்ரே பக்கத்துப் பணக்கார ஊர். ஆளுயர வேலி, வேலிக்குப் பின்னால் புல்வெளி, புல்வெளிக்கு அந்தப் பக்கம் வீடு. தெருவில் மனித நடமாட்டம் குறைவு. டூர் கோஷ்டிகள் இந்த ஸ்டேஷனில் இறங்குவதில்லை. அவர்களுக்கு அரண்மனை, மெழுகு பொம்மை, கடைசி நாள் சாக்லேட் ஷாப்பிங் இதற்கே நேரம் சரியாக இருக்கும். ஆனால் ஆபீஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்திவிட்டு, பக்கத்து வண்டியின் இன்ஜினைக் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுகிற ரகம் நீங்கள் என்றால், தயங்காமல் இறங்கிவிடுங்கள். நடந்தே போய்விடலாம்.

போகிற இடத்தின் பெயர் புரூக்லண்ட்ஸ். மரங்களுக்கு நடுவே ஒரு கான்கிரீட் அலை எழுந்து அப்படியே உறைந்து நிற்கிறது. உயரம் சுமார் 9 மீட்டர், அகலம் 30 மீட்டர். விரிசல்களில் பாசி. கீழே நின்று பார்த்தால் சுவர், மேலே ஏறி நின்றால் சறுக்குமரம். இதன்மேல் கார் ஓட்டினார்கள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். கார் பந்தயத்துக்கென்றே உலகத்தில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பாதை இது. 1907-ல் திறந்தார்கள்.

கட்டியவர் ஹ்யூ லாக் கிங் என்கிற நிலச்சுவான்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்து சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போனால் போலீஸ் பிடிக்கும். பந்தயத்துக்காக ரோட்டை மூடவும் அனுமதி கிடையாது. பார்த்தார் மனுஷர். சொந்த நிலத்தில் இரண்டே முக்கால் மைல் சுற்றளவுக்கு கான்கிரீட் கொட்டிவிட்டார்! ஒன்றரை லட்சம் பவுன் செலவு. கிட்டத்தட்ட போண்டி. கார் பந்தயம் எப்படி நடத்துவது என்று அப்போது யாருக்குத் தெரியும்? தெரிந்ததெல்லாம் குதிரைப் பந்தயம்தான். அதனால் டிரைவர்களுக்கு நம்பருக்குப் பதில் ஜாக்கிகள் மாதிரி கலர் கலராகச் சட்டை! கார் நிற்கிற இடத்துக்கு 'பேடக்' என்று பெயர். ஓரத்தில் பந்தயப் பணம் வசூலிக்கும் புக்கிகள்.

சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். 1920-களின் மத்தியிலிருந்து பந்தய கார்கூட மீன்வால் வைத்த பெரிய சைலன்ஸர் மாட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று ஆகிவிட்டது. சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவை எழுப்புகிற நம்ம ஊர் இளைஞர்கள் இதைக் கவனிக்கவும்.

இத்தனை பழங்கதையும் எதற்கு என்றால், 1929 ஜூன் 29-ம் தேதி இந்தப் பாதையில் ஒரு பச்சை நிற பெண்ட்லி கார் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்தது. மற்ற பெண்ட்லிகளுக்கு இல்லாத ஒரு சமாசாரம் அதற்கு இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால், சேஸிஸின் இரண்டு முன்கொம்புகளுக்கு நடுவில், மூக்கில் கட்டிவிட்ட துருத்தி போல ஒரு பெரிய அலுமினியப் பெட்டி. அதுதான் சூப்பர்சார்ஜர். காரின் செல்லப் பெயரே 'புளோயர்' ஆகிவிட்டது. ஊதுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தத் துருத்தியை மாட்டியே தீருவேன் என்று நின்றவர் டிம் பர்கின். நாட்டிங்ஹாமில் லேஸ் நெய்து பணக்காரர்களான குடும்பம். ஆள் ஒல்லி, பேச்சு கொஞ்சம் திக்கும், கழுத்தில் எப்போதும் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பட்டு ஸ்கார்ஃப். காரில் உட்கார்ந்துவிட்டால் திக்கல் எல்லாம் கிடையாது. இன்ஜின் தாங்குமா, டயர் தாங்குமா என்று கவலைப்படாமல் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிற பேர்வழி.

கூடவே கூடாது என்றவர் டபிள்யூ.ஓ. பெண்ட்லி. காருக்குப் பெயர் கொடுத்தவரே அவர்தான். ரயில்வே ஒர்க்ஷாப்பில் அப்ரண்டிஸாக இருந்து, நீராவி இன்ஜினில் கை கறுத்து வளர்ந்தவர். முதல் உலகப்போரில் விமான இன்ஜின் டிஸைன் செய்தவர். அவருடைய சித்தாந்தம் ரொம்ப சிம்பிள். வேகம் வேண்டுமா? பெரிய இன்ஜினாகச் செய். சின்ன இன்ஜினின் வாயில் பம்பு வைத்து அடிக்காதே.

இரண்டு பேரில் யார் கட்சி சரி? அதற்கு அந்தத் துருத்தி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எந்த பெட்ரோல் இன்ஜினும் மூச்சு விடுகிற பிராணிதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது. மேலே ஏறி அமுக்குகிறது. பொறி பட்டு வெடிக்கிறது. வெடிப்பில் சக்தி. எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். பெட்ரோலை ஊற்றுவது சுலபம். காற்றுதான் பிரச்னை. வெளியே இருக்கிற காற்றழுத்தம் தள்ளுகிற அளவுக்குத்தான் வரும். வேகம் கூடக்கூட பிஸ்டனுக்கு முழு மூச்சு இழுக்கவே நேரம் இருக்காது. அப்புறம் என்ன செய்வது? கொல்லன் உலையில் செய்கிற மாதிரி, ஊது!

ஊதுகிற யந்திரம் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்கிற சகோதரர்கள் 1860-ல் பேடண்ட் வாங்கிவிட்டார்கள். ஒரு கூட்டுக்குள் எட்டு வடிவத்தில் இரண்டு சுழலிகள். ஒன்றோடொன்று உரசாமல், ஆனால் இடைவெளியும் விடாமல் எதிரெதிராகச் சுற்றும். ஒரு பக்கம் காற்றை வாரி மறுபக்கம் தள்ளும். இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்ப உபயோகப்பட்டது. அதைக் காரில் மாட்டினால்? ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்கிற இளம் இன்ஜினீயர் பர்கினுக்காக அந்த ஜாதித் துருத்தி ஒன்றை டிஸைன் செய்து கொடுத்தார். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையிலேயே நேராகக் கோத்துவிட்டார்கள். இன்ஜின் சுற்றினால் இதுவும் சுற்றும். கார்புரேட்டர்களை இதன் பக்கவாட்டில் மாட்டி, பெட்ரோலும் காற்றும் கலந்தே துருத்திக்குள் போய், அமுக்கப்பட்டு இன்ஜினுக்குள் நுழைந்தன.

பலன்? நாலு சிலிண்டர், 4,398 ஸி.ஸி. இன்ஜின். துருத்தி இல்லாமல் சாதாரண ரோட்டுக் காரில் 110 குதிரைசக்தி, பந்தயக் காரில் 130. துருத்தி வைத்ததும் ரோட்டுக் காரில் 175. பந்தயக் காரில் 240! ஸி.ஸி. ஒன்றுகூட ஏறவில்லை. கிட்டத்தட்ட இரட்டிப்பு சக்தி. பர்கினுக்குக் கண் மின்னியதில் ஆச்சரியம் உண்டா?

இனி பெண்ட்லி கட்சி. துருத்தி சும்மா சுற்றாது. அதைச் சுற்றவும் இன்ஜின்தான் சக்தி கொடுக்க வேண்டும். அதாவது சம்பளம் உயருகிறது, ஆனால் பிடித்தமும் உயருகிறது. அது போகட்டும். காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். சூடான கலவை சிலிண்டருக்குள் போய் இன்னும் அமுங்கினால், பொறி வந்து பற்றவைக்கும்வரை அது காத்திருக்காமல் போகலாம். ஒரு மூலையில் தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்களே, அதேதான். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி. அதைத் தவிர்க்க இன்ஜினின் கம்ப்ரெஷனைக் குறைக்க வேண்டும். குறைத்தாலும் வெடிப்பின் மொத்த பலம் கூடியிருக்கிறதே, அதை யார் தாங்குவது? பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் 130 குதிரைக்கு அளந்து தைத்த சட்டைகள். 240 குதிரை உள்ளே நுழைந்தால் எங்கேயாவது தையல் விடும். வில்லியர்ஸ் இது தெரியாதவர் இல்லை. கிராங்க் ஷாஃப்டைப் பலப்படுத்தினார்கள், பிஸ்டனை மாற்றினார்கள். ஆனால் இன்ஜினின் உடம்பையே திருத்தி, துருத்திக்கு உள்ளே இடம் கொடுக்க பெண்ட்லி சம்மதிக்கவில்லை. அதனால்தான் அது வீட்டுக்குள் சேர்க்கப்படாத மருமகன் மாதிரி வாசலில் தொங்கியது. முன்பக்கம் கனத்து, வளைவுகளில் கார் திரும்பமாட்டேன் என்று நேராகப் போகப் பார்த்தது.

பெண்ட்லி வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே, கம்பெனி அவருடையதுதானே என்று கேட்பீர்கள். பெயர்தான் அவருடையது. பணம் உல்ஃப் பார்னடோவுடையது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கக் குடும்பத்து வாரிசு, கம்பெனியின் சேர்மன், அவரே நல்ல ரேஸ் டிரைவரும்கூட. பர்கின் நேராக அவரிடம் போய் சரி வாங்கிவிட்டார். எம்.டி. முடியாது என்றதை சேர்மனிடம் போய் ஸாங்ஷன் வாங்குகிற டெக்னிக் ஒன்றும் நம் ஆபீஸ்களில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல!

கார் தயாரிக்கக் காசு? டாரதி பேஜட் என்கிற கோடீஸ்வரப் பெண்மணி கிடைத்தார். வெல்வின் கார்டன் ஸிட்டியில் ஒர்க்ஷாப் போட்டுக் கொடுத்தார். பிற்பாடு பந்தயக் குதிரைகள் வளர்த்துப் பெரும் புகழ் பெற்றவர். ஆனால் ஒரு சிக்கல். லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட வேண்டுமானால், அதே மாதிரி 50 கார்கள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு இருக்க வேண்டும் என்று விதி. ஆக, தனக்கே பிடிக்காத காரில் 50-ஐ பெண்ட்லி தன் ஃபாக்டரியிலேயே செய்து விற்க வேண்டியதாயிற்று. கம்பெனி ஏற்கெனவே கடனில் தத்தளித்த சமயம். உலகமே பொருளாதார மந்தத்தில் விழப்போகிற சமயம்.

புரூக்லண்ட்ஸ் அரங்கேற்றம் என்ன ஆச்சு? ஆறு மணி நேரப் பந்தயம். புளோயர் முடிக்கவில்லை. பாதியில் ஓய்ந்தது.

அடுத்த வருஷம், 1930 ஜூன், லே மான்ஸ். பிரான்ஸுக்கு ஒரு நிமிஷம் போய்விட்டு வந்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கதையின் கிளைமாக்ஸ் அங்கேதான். எதிரி ஜெர்மனியின் மெர்ஸிடிஸ். ஏழு லிட்டர் இன்ஜின், ஓட்டியவர் கராச்சியோலா. அதிலும் சூப்பர்சார்ஜர் உண்டு. ஆனால் ஜெர்மன்காரன் கெட்டிக்காரன். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் மட்டும்தான் துருத்தி வேலை செய்யும், மற்ற நேரம் சும்மா இருக்கும். ரொம்ப நேரம் உபயோகித்தால் இன்ஜினுக்கு ஆபத்து என்று அவர்களுக்கே தெரியும். ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள. பர்கினின் துருத்தியோ ஸ்டார்ட் செய்ததிலிருந்து நிறுத்துகிறவரை ஊதிக்கொண்டே இருக்கும். ஊறுகாயே சாப்பாடு!

ஆரம்பத்திலேயே பர்கின் மெர்ஸிடிஸைத் துரத்தினார். நீளமான நேர் ரோட்டில் இரண்டு சக்கரம் புல்லில், இரண்டு சக்கரம் தாரில். டயரின் மேல்தோல் பிய்ந்து பறக்கிறது. அந்த நிலையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்கில் மெர்ஸிடிஸைத் தாண்டிப் போனார். அந்தப் பந்தயத்திலேயே மிக வேகமான சுற்றும் அவருடையதுதான். ஜனங்கள் அலறினார்கள். ராத்திரியில் மெர்ஸிடிஸ் ஓய்ந்தது. பாட்டரி செத்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் மறுநாள் புளோயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இன்ஜின் கோளாறில் உட்கார்ந்துவிட்டன. ஜெயித்தது யார் தெரியுமா? பார்னடோ. அவர் ஓட்டியது புளோயர் அல்ல. டபிள்யூ.ஓ. பெண்ட்லி தன் சித்தாந்தப்படி செய்த ஆறரை லிட்டர் கார், துருத்தி இல்லாதது. இரண்டாவதாக வந்ததும் அதே ரகம். புளோயரைக் கம்பெனிக்குள் விட்ட சேர்மனே, ஓட்டுவதற்கு மட்டும் உஷாராக வேறு காரை எடுத்துக்கொண்டார் பாருங்கள்!

மெர்ஸிடிஸை அடித்துத் துரத்திக் களைப்படைய வைத்ததே பர்கின்தான், அதனால்தான் மற்ற பெண்ட்லிகள் ஜெயித்தன என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது தோற்ற வக்கீலின் வாதமாகத்தான் படுகிறது. ஆனால் அதே வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் லேசான புகாட்டிகளுக்கு நடுவில் இந்தக் கனத்த நாலு ஸீட் காரை ஓட்டி பர்கின் இரண்டாவதாக வந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. சுற்றுலா பஸ்ஸை வைத்துக்கொண்டு மொபெட் ரேஸில் மெடல் வாங்கின மாதிரி.

சந்தோஷம் அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில் பேஜட் அம்மாள் பணத்தை நிறுத்திக்கொண்டார். 1931-ல் பெண்ட்லி கம்பெனி திவால். ரோல்ஸ்ராய்ஸ் வாங்கிக்கொண்டது. காரோடு சேர்த்து பெண்ட்லி என்கிற பெயரும் போய்விட்டது. டபிள்யூ.ஓ. தன் பெயர் போட்ட கம்பெனியில், தன் பெயரை வாங்கியவர்களிடம், சம்பளத்துக்கு இருக்க வேண்டிய நிலை. புளோயரால்தான் திவாலானது என்று சொன்னால் அது அநியாயம். மந்தம், கடன், பந்தயச் செலவு எல்லாம் சேர்ந்து அடித்தது. ஆனால் இல்லாத காசில் 50 புளோயர் செய்தது உதவவில்லை என்பது நிச்சயம்.

இப்போது மறுபடி புரூக்லண்ட்ஸ். அந்தக் கான்கிரீட் அலையின் மேல் ஏறி நின்றுகொள்ளுங்கள். பேஜட் அம்மாள் எல்லாவற்றையும் நிறுத்தியவர், ஒரே ஒரு காரை மட்டும் விடவில்லை. ஒற்றை ஸீட் வைத்த சிவப்பு நிறப் புளோயர். 1932 மார்ச் 24. பர்கின் அதில் இந்தச் சரிவில் ஏறி, இறங்கி, ஒரு சுற்றை 72 விநாடி சொச்சத்தில் முடித்தார். மணிக்கு 137.96 மைல். நம் கணக்கில் 222 கிலோமீட்டர். புரூக்லண்ட்ஸ் ரெக்கார்டு! நிற்கிற இடத்தில் கால் வழுக்குகிற சரிவில், மேடும் பள்ளமுமான கான்கிரீட்டில், ஸீட் பெல்ட் இல்லாமல், துணித் தொப்பியோடு. வே ஆற்றுப் பாலம் வருகிற இடத்தில் தரை அமுங்கியிருந்ததால் வேகமான கார்கள் நாலு சக்கரமும் மேலே கிளம்பிப் பறக்கும். பர்கினுக்கு இந்தப் பாதையைக் கட்டோடு பிடிக்காது. ஆபத்தானது, காலாவதியானது என்று தன் புத்தகத்திலேயே திட்டியிருக்கிறார். திட்டிய இடத்தில்தான் அவருடைய பெரிய சாதனையும் நடந்தது. அதே ஆகஸ்டில் ஜான் காப் என்பவரின் பெரிய 12 சிலிண்டர் டிலாஜ் காரோடு 100 சவரன் பந்தயம் கட்டி, மூன்று சுற்றில், விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நாலு சிலிண்டர், பன்னிரண்டு சிலிண்டரை ஜெயித்துவிட்டது. ஓரிரு சுற்றுக்கு துருத்தி ராஜா. 24 மணி நேரத்துக்கு? அதைத்தான் லே மான்ஸில் பார்த்தோமே.

மியூஸியத்தில் ரிட்டயரான பெரியவர்கள் வாலண்டியர்களாக இருக்கிறார்கள். கேட்டால் போதும், கொட்டுகிறார்கள். ஒருவரிடம், "ஸார், கடைசியில் யார் சரி? பர்கினா, பெண்ட்லியா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறையாக ஒரு வெள்ளி நிறக் காரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நேப்பியர்-ரெயில்டன். கிட்டத்தட்ட 24 லிட்டர் விமான இன்ஜின், மூன்று வரிசையில் 12 சிலிண்டர். பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். அந்தப் பந்தயத்தில் தோற்ற அதே ஜான் காப், இந்த ஊரிலேயே, 1933-ல் செய்வித்த கார். பர்கினின் ரெக்கார்டு 1934-ல் உடைந்தது. 1935 அக்டோபரில் காப் இதில் 143.44 மைல் வேகத்தைத் தொட்டார். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. 1939-ல் யுத்தம் வந்து பந்தயம் நின்றுபோய், இடம் முழுக்க விமானத் தயாரிப்புக்கே போய்விட்டது. பாதையும் அங்கங்கே வெட்டப்பட்டது. ஆகவே ரெக்கார்டு நிரந்தரம்.

"இதில் சூப்பர்சார்ஜர் எங்கே?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார் பெரியவர், சிரித்தபடி.

பர்கின் அந்த 1935-ஐப் பார்க்கவில்லை. 1933 மே மாதம் டிரிபோலி பந்தயத்தில் மஸெராட்டி ஓட்டி மூன்றாவதாக வந்தார். எக்ஸாஸ்ட் குழாயில் கை பட்டுச் சுட்டுக்கொண்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யுத்த காலத்து மலேரியா வேறு உடம்பில் இருந்தது. புண் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி, ஜூன் 22-ம் தேதி இறந்துபோனார். வயது 36. பென்ஸிலின் மருந்துக் கடைக்கு வர இன்னும் பல வருஷங்கள் இருந்தன.

தோற்ற காருக்கு வாழ்வு வந்ததுதான் வேடிக்கை. லே மான்ஸை ஐந்து தடவை ஜெயித்த மற்ற பெண்ட்லிகளின் பெயரை நாலு பேரிடம் கேட்டால் மூன்று பேர் விழிப்பார்கள். புளோயரைத் தெரியும். இயான் ஃபிளெமிங் தன் ஜேம்ஸ் பாண்டுக்கு முதல் நாவலிலேயே கொடுத்த கார் ஆஸ்டன் மார்ட்டின் அல்ல, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் துருத்தி வைத்த நாலரை லிட்டர் பெண்ட்லி. பர்கினின் அந்தச் சிவப்புக் கார் 2012-ல் ஏலத்துக்கு வந்து 50 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. புரூக்லண்ட்ஸ் மாதிரி 33 பாதை கட்டியிருக்கலாம், லாக் கிங் காலத்துக் கணக்குப்படி!

கான்கிரீட் அலையிலிருந்து இறங்கி வெளியே வந்தால், பழைய பந்தயப் பாதையின் நடு நிலத்தில் பளபளவென்று ஒரு கண்ணாடிக் கட்டடம். 2006-ல் திறந்தது. புது கார்களைப் பார்க்கலாம், காசு கொடுத்தால் ஓட்டியும் பார்க்கலாம். வாசலில் மூன்று முனை நட்சத்திரம். ஆமாம், மெர்ஸிடிஸ்தான்.

2019-ல் பெண்ட்லி கம்பெனியும் ஒரு அறிவிப்பு விட்டது. தன்னிடம் இருந்த 1929-ம் வருஷத்துப் பந்தயப் புளோயர் ஒன்றைப் பிரித்துப்போட்டு, ஆணி ஆணியாக அளந்து, அதே மாதிரி புதிதாக 12 செய்து விற்கப்போகிறோம் என்று. துருத்தி அதே இடத்தில், ரேடியேட்டருக்கு முன்னால். செய்து முடிப்பதற்குள்ளேயே பன்னிரண்டும் விற்றுவிட்டன. டபிள்யூ.ஓ. பெண்ட்லி 1971-லேயே காலமாகிவிட்டார். அதுவரை புளோயரைப் பற்றித் தன் அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.